தலைவருக்கு ஏற்ற டயர்

"ஜானு, நாலும் மண் டயரா மாட்டிடு. நான் சேத்துல எறங்கி சேவை பண்றவன். வண்டியப் பாத்தாலே அது தெரியணும்."

ஒன்றியக் கவுன்சிலர் தாண்டவராயன் சேற்றில் இறங்கியதை உத்திரமேரூரில் யாரும் பார்த்ததில்லை. அவருடைய வேட்டியின் வெள்ளையே அதற்குச் சாட்சி. சிக்னல் எட்டாத ஊரில் இடுப்பில் பேஜர் மாட்டிக்கொண்டு திரிந்தவர், இப்போது ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பும் எடுத்திருந்தார். அதை ஓட்ட ஆனந்தன் என்று ஒரு டிரைவர்.

டயர்க்கடை ஜான், சேற்றைக் கவ்வப் பெரிய பெரிய பட்டன் வைத்த மண் டயர் ஒன்றை உருட்டி வந்து சுவரில் சாய்த்தான்.

"ஒண்ணு கேக்கறேன் தலைவரே. வண்டி அதிகமா எங்க ஓடுது?"

"மக்கள் மத்தியில."

ஜான் டிரைவரைப் பார்த்தான்.

"கல்யாண மண்டபம், கட்சி ஆபீஸு, காஞ்சிபுரம். எல்லாம் தார் ரோடுதான்," என்றான் ஆனந்தன். "ஆனா வெள்ளிக்கெழம ஏரிக்கு அந்தாண்ட போறோமே, நம்ம வேதகிரி ஊருக்கு. அங்க ஒரே சேறு."

வேதகிரி கடை வாசலில்தான் நின்றிருந்தான். மானாம்பதி பக்கம், ஏரியை ஒட்டிய இருளர் குடிசைகளில் ஒன்று அவனுடையது. மழை பிடித்தால் அங்கே ஆட்டோகூட வராது. அவன் மனைவி செங்கேணிக்குக் கார்த்திகையில் பிரசவம். தலைவர் நேரில் பார்த்து, ஒன்றியக் கூட்டத்தில் எழுந்து சொன்னால்தான் ரோடு கிடைக்கும்.

"கட்டாயம் வரணும் ஐயா," என்றான் வேதகிரி. "நீங்க கண்ணால பாத்தா போதும்."

"அதுக்குத்தாம்பா மண் டயரு."

ஜான் தலையைச் சொறிந்தான். "மண் டயர் தார் ரோட்டுல கத்தும் தலைவரே. மாவு மில்லுக்குள்ள ஒக்காந்தா மாதிரி. நீங்க பேசறது பின் சீட்டுல இருக்கறவனுக்குக் கேக்காது."

தாண்டவராயனின் முகம் மாறியது. டயர் தேய்வதைத் தாங்கிக்கொள்ளலாம். தான் பேசுவது கேட்காமல் போவதை எப்படித் தாங்குவது?

"டீசல் குடிக்கும். ஈரத் தார்ல பிரேக் புடிச்சா வழுக்கும். எந்நேரமும் தார்லயே ஓடற வண்டிக்கு ரோடு டயருதான் சரி. எனக்கு லாபம் கம்மி. அதுக்காக உங்களுக்குப் போயி தப்பா சொல்லுவனா?"

"சேத்துல மாட்டிக்குவோம் தலைவரே," என்றான் ஆனந்தன்.

"இன்னாப்பா வேதகிரி, மாட்டிக்குமா?"

வேதகிரி தரையைப் பார்த்தான். "நாங்க போயிக்கினு வந்துக்கினுதான் கீறோம் ஐயா."

ஆனந்தன் அவனை முறைத்தான்.

"கேட்டியா? ரோடு டயரே போடு," என்றார் தலைவர். "லாபத்தப் பாக்காம பேசற ஆளு நீ. மேடையில உன் பேரச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை, முந்தின இரவு மழையில் ஊறிய களிமண்ணில், குடிசைகளுக்கு எட்டாத தூரத்திலேயே ஜீப் அச்சு வரை இறங்கியது. புது டயர்கள் நின்ற இடத்தில் நின்றபடியே வெகு வேகமாகச் சுற்றின. தலைவர் இறங்கினார். வலது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை.

வேதகிரியும் இன்னும் மூன்று பேரும் கயிற்றுக் கட்டிலோடு ஓடி வந்தார்கள். அவரை அதில் உட்கார வைத்துத் தோளுக்குத் தூக்கினார்கள்.

"பாத்துப்பா, பாத்து. கட்டிலு ஆடுது."

"ஆடும் ஐயா. ரெண்டு பக்கமும் புடிச்சிக்கோங்க," என்றான் வேதகிரி. "வலி எடுத்த பொம்பளைங்களே புடிச்சிக்கினுதான் வருவாங்க."

"இதுலதான் தூக்கிக்கினு போவீங்களா?"

"மெயின் ரோடு வரைக்கும். போன மழைக்கு எந் தங்கச்சியயும் இதுலதான் தூக்கினோம். ரோடு வரைக்கும் அவ தாங்கல."

தலைவர் கட்டிலின் சட்டத்தை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டார். குடிசை மேட்டில் இறக்கிவிட்டதும் நாலு பேர் கைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, "ரொம்ப நன்றிப்பா" என்றார். மைக் இல்லாமல் அவர் சொன்ன முதல் நன்றி அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த ஒன்றியக் கூட்டத்தில் மனிதர் விடாப்பிடியாக நின்று ரோடு வாங்கினார். ஐப்பசி அடைமழைக்கு முன்பே ஜல்லியும் தாரும் ஏறிவிட்டன. குடிசைக்காரர்கள் எல்லோரும் கூடி அவருக்கு மாலை போட்டார்கள். 'சேறென்று தெரிந்தே இறங்கினேன்' என்று அவர் நெடுநேரம் பேசினார். செருப்பு போன கதையை யாரும் எடுக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, வேதகிரி கூடை நிறைய வயல் நண்டோடு டயர்க்கடைக்கு வந்தான்.

"செங்கேணி ஆட்டோலயே ஆஸ்பத்திரி போயி பெத்துட்டா ஜானண்ணே. பொண்ணு. ரெண்டு பேரும் சொகம். இந்தா, இது உனக்கு."

"எனக்கு எதுக்குடா? தலைவருக்குக் கொண்டுபோயி குடு."

"அவருக்குத்தான் மாலை போட்டாச்சே," என்றான் வேதகிரி. "போன மழையில தலைவரு அவரு மச்சானோட ஜீப்ப எடுத்துக்கினு, மண் டயர்ல வந்தாரு. சீட்ட வுட்டு எறங்கவேயில்ல. 'வழி நல்லாத்தான கீது, இதுக்கு எதுக்கு ரோடு'ன்னு சொல்லிட்டுப் பூட்டாரு. இந்தவாட்டி அந்த டயர மட்டும் அவருக்கு வித்துடாதன்னு உங் கையப் புடிச்சிக் கேட்டேன். நீ விக்கல. அதான் எங்களுக்கு ரோடு வந்துது, அண்ணே."