பிழியக் கூடாத துணி

கொதிக்க வைத்த துணிகள் வாளியில் ஆறிக்கொண்டிருந்தன.

அவள் ஒன்றை எடுத்து முறுக்கிப் பிழிந்தாள்.

அறைக்குள் குழந்தை வீறிட்டது.

கையை விட்டாள். அழுகை நின்றது.

நான்கு மாதத்தில் இன்றுதான் முதல் தடவையாகப் பிழிகிறாள். பச்சைக் குழந்தையின் துணியை முறுக்கினால் பிள்ளையின் உடம்பும் முறுக்கிக்கொள்ளும் என்று மாமியார் பிரசவ வார்டிலேயே சொல்லிவிட்டார். சரியென்று சொட்டச் சொட்டவே கொடியில் போட்டுவந்தாள். வெயில் இருந்தவரை வம்பில்லை.

இது ஐப்பசி. நான்கு நாளாக விடாத மழை. காயாத துணியையே மாற்றி மாற்றிக் கட்டியதில் பையனுக்குத் தொடையிடுக்கெல்லாம் செக்கச் சிவந்துவிட்டது. ஓரமெங்கும் பொடிப் பொடியாகக் கொப்புளம்.

பூஞ்சை என்றார் டாக்டர். துணியைக் கொதிக்க வையுங்கள், பொட்டு ஈரம் இருக்கக் கூடாது என்றார்.

பிழியாமல் எப்படிக் காயும்? அதை யாரும் சொல்லவில்லை. புத்தி சொல்ல வருகிறவர்கள் துணி அலச வருவதில்லை.

இன்னொரு முறை முறுக்கினாள். பார்ப்போமே என்றுதான்.

வீறிட்டது.

ஓடினாள். தூளிக்குள் பையன் மூச்சுத் திணறிக் கிடந்தான். புண்ணே இல்லாத வயிற்றில், விலாவில், தோல் கோடு கோடாகச் சுருங்கியிருந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. தன் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தக் கைகளாலேயே தடவிக் கொடுத்தாள். கோடுகள் மெல்ல மறைந்தன. புண் அப்படியே இருந்தது.

திரும்பி வந்து துணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். சத்தமில்லை. தண்ணீரும் அவ்வளவாக இறங்கவில்லை.

குளியலறை வாசலில் கணவன் வந்து நின்றான். அவள் ஒவ்வொரு துணியாக அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தான். வாளியை வாங்கிக்கொண்டான்.

"விடு சுகந்தி, நான் பாத்துக்கறேன். நீ போய்ப் புள்ளைக்குப் பாலைக் குடு."

"முறுக்காதீங்க. சத்தியமா முறுக்கக் கூடாது."

"முறுக்கவே மாட்டேன், போ."

கல்யாணமானதிலிருந்து அவன் வாளியைத் தொட்டதே இல்லை. அவளுக்கு மனசு லேசாயிற்று. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். தூளியிலிருந்து பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

பால்கனியில் வாஷிங்மெஷின் மூடி டப்பென்று விழுந்தது. பிள்ளைத் துணியை அவள் அதில் போட்டதே இல்லை.

துணியைச் சுழற்றிப் பிழிகிற ட்ரையர் உறுமத் தொடங்கியது.

தூளி தானாக ஒரு சுற்றுத் திரும்பியது.

இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். பிடித்த பிடிக்குள்ளேயே திரும்பியது.

"நிறுத்துங்க!" என்று அலறினாள். அந்த இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.

ட்ரையர் இன்னும் வேகம் பிடிக்கவில்லை.