ஒரு வாய் ரொட்டி

மஸ்தூரா அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தரையில் விழுந்த ரொட்டித் துணுக்கைப் பொறுக்கினாள். அதை முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, ஜன்னல் விளிம்பில் குருவிகளுக்காக வைத்தாள்.

விசாரணை அதிகாரி தோல்கின் அந்தக் கிழவியைப் பார்த்தார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண் ஒய்தினைப் பார்த்தார். இந்த அம்மாளா உன்னை விற்றாள் என்று அந்தப் பார்வை கேட்டது.

ரொட்டி கொடுத்தவள் முஹய்யோ. மீட்கப்பட்ட பெண்கள் தங்கும் காப்பகத்தின் சார்பில், ஒய்தினுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாட வந்திருக்கும் வக்கீல். வெளியே காத்திருந்தபோது தன் பையிலிருந்த ரொட்டியை மூன்றாகப் பிய்த்து, ஒரு பங்கை மஸ்தூராவிடம் நீட்டியிருந்தாள்.

"அவளுக்கு எதுக்குக்கா?" என்று ஒய்தின் முணுமுணுத்தாள்.

"அவங்களும் காலையிலேருந்து பட்டினிதானே."

ஒய்தினுக்கு அது பிடிக்கவில்லை. வெளிநாட்டில், பூட்டிய தையல் கூடத்தில் பதினான்கு மாதம் அவள் பட்டினி கிடந்தபோது யாரும் பங்கு பிய்க்கவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் தோல்கின். "பேரு ஒய்தின். இப்ப எங்க தங்கியிருக்க?"

"அதை எழுத வேண்டாம் சார்" என்றாள் முஹய்யோ. "காப்பகம்னு மட்டும் போடுங்க. சட்டத்துல இடமிருக்கு."

"சும்மா சொல்லும்மா, எந்தத் தெரு?" என்று மஸ்தூரா வாஞ்சையாகக் கேட்டாள். "குளிர்காலமாச்சே, கம்பளி கிம்பளி கொண்டுவந்து தரலாம்னுதான்."

முஹய்யோ சிரித்தாள்.

"இந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?" என்று தோல்கின் மஸ்தூராவிடம் கேட்டார்.

"அல்லா சாட்சியா இன்னிக்குத்தான் பார்க்கறேன் தம்பி. பாவம், இளைச்சுப்போயிருக்கு."

"பொய் சார்!" ஒய்தின் எழுந்துவிட்டாள். "வெளிநாட்டு ஓட்டல்ல பாத்திரம் கழுவற வேலைன்னு கூப்பிட்டாங்க. முதல் நாள் ராத்திரி இவங்க வீட்டுலதான் படுத்தேன். விடிஞ்சதும் பாஸ்போர்ட்டை வாங்கி டிரைவர் கையில கொடுத்தாங்க."

"சாட்சி யாரு?"

"டிரைவர்தான்."

"டிரைவரைக் காணோம். போன்ல பேசின பதிவு?"

"போனை அங்க பிடுங்கிட்டாங்க."

தோல்கின் எழுதிக்கொண்டே போனார். கெட்டவரல்ல. கோப்பில் வைக்க ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தால் மேலே நகர்த்துவார். அது இல்லாமல் மஸ்தூராவின் வீட்டைச் சோதனை போட அவருக்கு உத்தரவு வராது. இன்று கோப்பை மூடிவிட்டால், ஒய்தின் தானாகப் போய்த் தானாகக் கெட்டவள் என்று ஊர் சொல்வதே கடைசிப் பேச்சாகிவிடும். அடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு அடுத்த வண்டியும் கிளம்பும்.

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றார்.

ஒய்தின் யோசித்தாள். "கிளம்பும்போது ரொட்டி கடிக்க வச்சாங்க. உனக்குத்தான் அம்மா இல்லையே, நான் செய்யறேன்னு சொல்லி, தலையைத் தடவிக் கொடுத்தாங்க. அப்ப நான் அழுதுட்டேன் சார்."

தோல்கின் பேனாவை உயர்த்தினார். எழுதவில்லை. தூரம் போகிறவர்கள் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவதும், அவர்கள் வரும்வரை வீட்டார் மீதியைக் காத்து வைப்பதும், திரும்பி வந்து அதைத் தின்பதும் இந்த மர்கிலான் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவரே ராணுவத்துக்குப் போகும்போது கடித்தவர்.

"இதெல்லாம் ஆதாரமாகாதும்மா."

"நல்லாக் கதை சொல்லுது பொண்ணு" என்றாள் மஸ்தூரா. "யாரு வீட்டுலயோ கடிச்சிருக்கும். தலை சுத்தி என் வீடுன்னு நினைக்குது."

தோல்கின் தாளைத் திருப்பி அவள் முன் வைத்தார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்." மஸ்தூரா பிஸ்மில்லா சொல்லிப் பேனாவை எடுத்தாள்.

முஹய்யோ ஜன்னல் பக்கம் பார்த்தாள். விளிம்பில் இருந்த துணுக்கை ஒரு குருவி கொத்திக்கொண்டிருந்தது.

"ஒரு வரி விட்டுப்போச்சு சார்" என்றாள். "ஒய்தின், நீ கடிச்ச ரொட்டி என்ன ஆச்சு?"

"எனக்கெப்படிக்கா தெரியும்? வண்டி தெரு முனை திரும்பறதுக்குள்ள குப்பையில போட்டிருப்பாங்க."

"அப்படியே எழுதிக்குங்க சார். 'மஸ்தூரா அம்மாள் ரொட்டியைக் குப்பையில் எறிந்தார்.'"

பெண்ணை விற்றார் என்று எழுதியபோது சுளிக்காத தோல்கினின் முகம் இப்போது சுளித்தது. "ரொட்டியையா?" என்று கேட்டுக்கொண்டே தாளைத் தன் பக்கம் இழுத்து எழுதினார்.

மஸ்தூராவின் கையிலிருந்த பேனா அந்தரத்தில் நின்றது. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துவிட்டாள்.

"அடிச்சிடுங்க அதை! என் வீட்டுல ரொட்டி குப்பைக்குப் போச்சுன்னு யாரு சொன்னது? நாளைக்கு அல்லா முன்னாடி நான் எந்த முகத்தோட நிப்பேன்?"

"எறியலையா?" என்றாள் முஹய்யோ, மெதுவாக.

"எதுக்குடி எறியறேன்? ஒன்பது பொண்ணுங்க கடிச்சதும் என் சமையல்கட்டுச் சுவத்துல அப்படியே தொங்குது!"