தடையில்லைக் கடிதம்

“என்ன ஆல்பர்ட் அண்ணே, ஸ்டாம்பு விழலையா?” என்றாள் சுகன்யா மேரி.

தடையில்லைக் கடிதத்தில் எங்கள் ஊர் சர்ச்சின் பங்கு ஸ்டாம்பு விழுந்தால்தான் அரியலூர் கோயிலில் அவள் கல்யாணம் நடக்கும். நான் பங்கு ஆபீஸ் கிளார்க். தானாக மை தொட்டுக்கொள்ளும் அந்த ஸ்டாம்பைக் குழந்தை மாதிரி பராமரிப்பவன்.

“பேடு காஞ்சுபோச்சும்மா. ரெண்டு சொட்டு மை விட்டிருக்கேன். ஊற பத்து நிமிசம் ஆவும்.”

“பஸ்ஸு போயிடும்ண்ணே!”

“அவசரப்பட்டு அமுக்குனா எழுத்து அப்பிக்கும்.”

உட்கார்ந்தாள். “மூணு ஞாயிறும் கோயில்ல நீங்கதானே எங்க கல்யாண ஓலைய வாசிச்சீங்க. தடை இருந்தா சொல்லுங்கன்னு கணீர்னு கேட்டீங்களே!”

“ஒருத்தரும் சொல்லலைம்மா.”

பத்து நிமிடம் கழித்து அமுக்கினேன். பளிச்சென்று விழுந்தது. கடிதத்தோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பேடைக் கழற்றி நேற்று பகல் முழுக்க வெயிலில் காயவைத்தது நான்தான். பத்து நிமிடம் கிடைத்தால் என் மனசைச் சொல்லிவிடலாமென்று.