பின்னைக் கழற்றி வைத்த நேரம்

செவ்வந்தி மண்ணெண்ணெய்த் தட்டில் பம்புசெட் எஞ்சினின் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிஸ்டனையும் ராடையும் இணைக்கிற சின்னப் பின்னைத் துடைத்துத் தனியே வைத்ததுதான் தாமதம், மற்ற இரண்டும் அதன்மேல் பாய்ந்தன.

"நான் நேரா மேல போய் நேரா கீழ வர்றவன். நீ எடம் குடுக்குறதாலதான் இந்த ராடு இஷ்டத்துக்கு ஆடுறான்," என்றது பிஸ்டன்.

"நான் ஆடலைன்னா சக்கரத்த யாரு சுத்துவா? இவ நடுவுல லொடலொடன்னு இருக்கா, கெட்ட பேரு எனக்கு," என்றது ராடு.

எப்போதும் சண்டை போடுகிற இரண்டும் அன்று ஒரே பேச்சாகிவிட்டன. பின்னைப் பழைய இரும்போடு போட்டுவிட்டு, தாங்களே நேராகச் சேர்ந்துகொள்வதாம்.

தனியே கிடந்த பின்னு நிதானமாகச் சொன்னது:

"சரிண்ணே, சேந்து பாருங்க."

ராடு பிஸ்டனுக்குள் தலையை நுழைத்து விறைப்பாக எழுந்து நின்றது. மறுநொடியே ணங்கென்று தட்டில் விழுந்தது. திரும்ப எழுந்தது, திரும்பவும் ணங்.

"தங்கச்சி..." என்று இழுத்தது பிஸ்டன்.

"வர்றேண்ணே. ரெண்டு பேரையும் விடாம பிடிச்சுக்குறேன், ஆனா இறுக்கிப் பிடிக்கச் சொல்லாதீங்க, இறுக்குனா ராடு ஆட முடியாது, சக்கரமும் சுத்தாது. இன்னொரு தடவ யாராவது என்னைப் பழைய இரும்புன்னு சொன்னா, நான்..."

"செவ்வந்தி!" என்று எஞ்சின் பக்கமிருந்து மெக்கானிக் கத்தினார். "அந்தப் பின்னு எங்கம்மா? மொதல்ல அதக் கொண்டா!"