அம்மா அழ வேண்டிய இடம்

மூன்றாவது தடவையாக அம்மா வண்டியை மூடியிருந்த துணியை இழுத்தாள். மூன்றாவது தடவையும் அம்மா அழவில்லை.

வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு மகனைப் பார்த்தார். மகன் பழைய கார் சங்கத் தலைவரைப் பார்த்தான். தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி தகதகவென்று நின்றது. அப்பா நாற்பது வருடம் ஓட்டிய வண்டி. அவர் இறந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. அதில் பதினொரு மாதம் மகன் சோறு தண்ணி இல்லாமல் இந்த வண்டியைத்தான் கட்டிக்கொண்டு அழுதான் என்று அவன் மனைவி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாள்.

நாளை சங்கத்தின் கண்காட்சி. அங்கே ஒரே விதி. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். ஒரு திருகாணி மாறியிருந்தாலும் பரிசை மறந்துவிட வேண்டியதுதான்.

வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வீடியோவும் ஓடும். தலைப்பு, 'அப்பாவுக்கு ஒரு மகனின் காணிக்கை'. அதில் மகனுக்கு ஆறு நிமிடம், அம்மாவுக்கு முப்பது வினாடி. அந்த முப்பது வினாடியில் அம்மா அழ வேண்டும்.

இது ஒன்றும் பெரிய கோரிக்கை இல்லை. அப்பா போன நாளிலிருந்து அம்மா எதற்குத்தான் அழவில்லை? அவருடைய சீப்புக்கு அழுதாள். பாதி மிச்சமிருந்த இருமல் மருந்துக்கு அழுதாள். போன வாரம்கூடத் தொலைபேசியில் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள் என்று அரை நாள் அழுதாள். கேமராவைக் கண்டதும் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

வீடியோக்காரர் இதில் கை தேர்ந்தவர். கல்யாண வீடுகளில் கல்நெஞ்சக்கார மாமனார்களையே அழ வைத்தவர். அவர் அம்மாவிடம், அய்யாவை நன்றாக மனதில் நினைத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா சொன்ன பேச்சைத் தட்டாதவள். கண்ணை மூடி நினைத்தாள். நினைத்ததும் குபுக்கென்று சிரித்துவிட்டாள்.

மகனுக்கு வந்ததே கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவுக்கு வண்டியைச் சுற்றிக் காட்டினான். பெயின்ட் அதே பச்சை. சீட் உறை அதே தோல். ஹார்னுக்கும் அதே கட்டைக் குரல். ஜன்னல் கைப்பிடி ஒன்றுக்காக மட்டும் நாலு ஊர் அலைந்திருக்கிறான். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். யார் வீட்டுக் குழந்தையையோ பார்த்துச் சொல்வது போல, ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள்.

பிறகு தானாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முன் கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். உள்ளே தலையை நீட்டித் துழாவினாள்.

"அப்பா செஞ்சதெல்லாம் எங்கடா?"

இந்தக் கேள்வி வராதா என்றுதான் அவன் காத்திருந்தான். அப்பா ஒட்டுப்போட்டு வைத்திருந்த ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றையும் கழற்றி எறிந்தாயிற்று, இப்போதுதான் இது அசல் வண்டி என்று பெருமையாகச் சொன்னான். தலைவரும் கிட்டே வந்து, யாருமே ஓட்டாத மாதிரி இத்தனை சுத்தமாக ஒரு பழைய வண்டியைத் தான் பார்த்ததே இல்லை என்று அவன் தோளைத் தட்டினார். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம்.

அவளை மெக்கானிக் பின்பக்கம் கூட்டிப் போயிருந்தார். எந்த வேலையையும் சொன்ன தேதிக்கு முடிக்காததால் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். பழைய இரும்புக் கடையில் போடச் சொல்லி அவன் கொடுத்த சாக்கு மூட்டையையும் அவர் இன்னும் போடவில்லை. அய்யா கையால் செய்தது, போட மனசு வரவில்லை என்று தலையைச் சொறிந்தார்.

மூட்டை அவிழ்ந்து கிடந்தது. அம்மா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் மடங்காது என்று கதவுக்குக் கீழே அப்பா பொருத்திய இரும்புப் படி. அவள் குள்ளம், உட்கார்ந்தால் ரோடு தெரியாது என்று தைத்துப் போட்ட திண்டு. பின் சீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொள்வதை அவள் கழுத்தைத் திருப்பாமல் பார்க்க ஒட்டிய சின்னக் கண்ணாடி.

அம்மா அழுதாள். விக்கி விக்கி அழுதாள். முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

மூட்டையின் அடியில் ஒரு மரக்கட்டை இருந்தது. அதை எடுத்து மகனிடம் நீட்டினாள்.

பதினாலு வயதில் வண்டி ஓட்டியே தீருவேன் என்று அவன் அடம் பிடித்தபோது, கால் எட்டாததால் கிளட்ச் பெடலின் மேல் அப்பா வைத்துத் திருகிய கட்டை அது. அவன் வளர்ந்து, அப்பாவை விடவும் உயரமாகி, வீட்டை விட்டே போன பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. தன் காலை மடக்கி ஓட்டப் பழகிக்கொண்டார்.

அவன் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிஜமாகவே அப்பா வேண்டும் போல இருந்தது. இந்த ஒரு வருடத்தில் அது முதல் தடவை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அம்மா அழுகிறாள்.

வாசலுக்கு ஓடினான். வீடியோக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தான்.

"அம்மா முகத்தை மட்டும் எடுங்க. மடியில இருக்கறது எதுவும் வந்துடக் கூடாது."