மூக்குக்குக் கீழே ஒரு கீறல்

"நாடகக்காரம்மா வண்டியை விட்டு இறங்குறாங்க!"

மனைவி சொன்னதும் அச்சுக்காரர் ஒளிய இடம் தேடினார். அந்தக் கதாநாயகியின் கேலிச்சித்திரத்தை அச்சடித்தவர் அவர்தான். அச்சுக்கல்லில் இருந்த கீறல், அவள் மூக்குக்குக் கீழே மீசையாகப் பதிந்திருந்ததை, படங்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் பார்த்தார்.

"முதல்ல கால்ல விழுந்துடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி அடுக்களைக்குள் மறைந்தாள்.

கதாநாயகி தனியாக வந்தாள். கதவைத் தாழிட்டாள். படத்தை மேசைமேல் விரித்து, மீசையில் விரலை வைத்தாள்.

"தாயே, சத்தியமா கல்லுல கீறல்! வேணும்னு பண்ணலே!"

அவள் போய் ஜன்னலையும் சாத்தினாள்.

"பொய் சொல்லாதேய்யா" என்றது அவள் வாயிலிருந்து வந்த கட்டையான ஆண்குரல். "இருபது வருஷமா யாருக்கும் தெரியாது. உனக்கு யார் சொன்னது?"