பூஜ்ஜியத்தில் நின்ற முள்

நீராவிக் குழாயிலிருந்து பழைய வால்வைக் கழற்ற வந்த ஸ்பேனருக்குத் தலை சுற்றியது.

"உள்ளே அழுத்தமே இல்ல, தாராளமா கழட்டு" என்றது மேலே இருந்த பிரஷர் மீட்டர். அதன் முள் பூஜ்ஜியத்தில் நின்றது.

"எனக்கு வயிறு முட்டுதுப்பா, போல்ட்டைத் தொடாதே" என்றது வால்வு.

யாரை நம்புவது? வேலை போகிற பயத்தில் வால்வு புளுகலாம். மீட்டருக்கோ கண்ணாடி முகம், அச்சடித்த எண்கள். பார்த்தாலே படித்தவர் மாதிரி. ஸ்பேனர் போல்ட்டைக் கவ்வியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"நேத்து நீராவி ஓடும்போது எவ்வளவு காட்டினீங்க, சார்?"

"நேத்தும் பூஜ்ஜியம்தான்" என்றது மீட்டர் பெருமையாக. "மூணு வருஷமா நான் பேச்சு மாறினதே இல்ல."

ஸ்பேனர் மெல்லப் பிடியை விட்டது.